பத்து மாதக் கடன்

ஒரு தம்பதியின் கருவை இன்னொரு பெண் தன் வயிற்றில் சுமந்து பெற்றுக் கொடுத்தால் அவளைத் தமிழ் ‘வாடகைத் தாய்’ என்கிறது. வாடகை என்பது வீட்டுக்கும் சைக்கிளுக்கும் கல்யாணப் பாத்திரத்துக்கும் கொடுப்பது. பொருள் உடையவரிடமே இருக்க, பயன் மட்டும் கொஞ்ச காலத்துக்குக் கைமாறும். கெடு முடிந்ததும் கணக்கும் முடிந்துபோகும். இந்தச் சொல்லை ஏற்கும்போதே உடலைப் பற்றிய ஒரு முடிவையும் ஏற்றுக்கொண்டாகிறது: வயிறு ஒரு கட்டடம், அதன் சொந்தக்காரி வேறெங்கோ இருக்கிறாள், திறந்து கொடுத்துவிட்டுப் பத்து மாதம் கழித்துச் சாவியை வாங்கிக்கொள்ளலாம். உடல் அப்படிப்பட்டதுதானா, சுமந்ததால் உண்டாகும் கடன் பணத்தால் தீருமா, அந்தச் சுமை ஏன் எப்போதும் ஏழை வீட்டு வாசலிலேயே வந்து இறங்குகிறது என்பவை மருத்துவத்தாலோ சட்டத்தாலோ மட்டும் முடிவுக்கு வராத கேள்விகள். சமயங்கள் இவற்றை வேறு வடிவங்களில் நெடுங்காலமாகக் கேட்டு வந்திருக்கின்றன.

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் இந்தக் கேள்விகள் கூடுதல் கனம் கொள்கின்றன. அது வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தி, சோளம், கம்பு, பயறு. தப்பினால் சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பது. அருப்புக்கோட்டைப் பக்கம் தறியும் நூற்பாலையும். 2018-இல் ஒன்றிய அரசு நாட்டின் பின்தங்கிய மாவட்டங்களைப் பொறுக்கியெடுத்துப் பட்டியலிட்டபோது தமிழகத்திலிருந்து அதில் சேர்ந்தவை இராமநாதபுரமும் விருதுநகரும். உடம்பைத் தவிர வேறு முதல் இல்லாத குடும்பங்கள் நிறைய உள்ள நாடு இது. அதே நாட்டில், குண்டாற்றங்கரைத் திருச்சுழியில்தான், ‘இந்த உடல் நானா’ என்ற ஒரே கேள்வியை வாழ்நாள் முழுவதும் பிடித்துக்கொண்டிருந்த ரமண மகரிஷி 1879 டிசம்பர் 30 அன்று பிறந்தார். சுந்தரர் பதிகம் பெற்ற அவ்வூர்க் கோயிலின் இறைவனுக்குத் திருமேனிநாதர் என்று பெயர். மேனி என்றால் உடல். உடலையே பெயரில் தாங்கிய இறைவன் ஊரில், உடல் நான் அல்ல என்று சொன்னவர் பிறந்திருக்கிறார். இவை இரண்டும் முரண் அல்ல என்பது பின்னால் தெளியும்.

இந்த நாட்டுக் குடியானவருக்கு வாடகையைவிட நெருக்கமான சொல் வாரம். நிலம் ஒருவருடையது, பாடு இன்னொருவருடையது, விளைச்சலில் இருவருக்கும் பங்கு. ஆடு மாட்டையும் வாரத்துக்கு விடுவார்கள். பெட்டையாட்டை வளர்க்கக் கொடுத்தவர் ஆட்டின் உரிமையை வைத்துக்கொள்வார். மேய்த்து, தண்ணீர் காட்டி, ஈற்று பார்த்தவருக்கு ஈனும் குட்டிகளில் பாதி. இதுவும் ஏற்றத்தாழ்வான ஏற்பாடுதான். ஆட்டை விடுகிறவர் வசதியுள்ளவர், வாங்குகிறவர் இல்லாதவர். ஆனாலும் பாடுபட்டவருக்கு விளைந்ததில் உறவு உண்டு என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. வாடகைத் தாய்மை இந்த எண்ணத்தையே விலக்கி வைத்து எழுதப்பட்ட ஒப்பந்தம்.

இதே தென்மாவட்டங்கள் இன்னொரு வகை ஒப்பந்தத்தையும் கண்டிருக்கின்றன. மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளுக்கு இங்கிருந்து பெண் பிள்ளைகளை அழைத்துப்போன ‘சுமங்கலித் திட்டம்’ அது. மூன்று ஆண்டு ஆலை விடுதியில் தங்கி வேலை பார்க்க வேண்டும். மாதக் கூலியில் ஒரு பகுதி பிடித்துவைக்கப்பட்டு, காலம் முழுதும் முடித்தவளுக்குக் கல்யாணச் செலவுக்கென்று 30,000, 50,000 ரூபாய் என மொத்தமாகக் கொடுக்கப்படும். விடுதியை விட்டு வெளியே போகக் கட்டுப்பாடு, செல்போனுக்குக் கட்டுப்பாடு, இடையில் நோய் வந்து வீடு திரும்பினால் அந்தத் தொகை போனதுதான். தொழிலாளர் அமைப்புகள் இதைக் கொத்தடிமை முறையின் சாயல் கொண்டது என்று பல ஆண்டுகள் எடுத்துச் சொல்லின. விடுதி, கண்காணிப்பு, கடைசியில் கிடைக்கும் பெருந்தொகை ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஒரு பெண்ணின் உடல் எப்படிப் பிறர் கணக்கில் ஏறும் என்பதை நூற்பாலை முன்பே காட்டிவிட்டது.

பிலிப்பைன்ஸில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஜோன் ராமோஸ் 2019-இல் வெளியிட்ட ‘தி ஃபார்ம்’ நாவல் இந்த மூன்றையும் கருப்பையின் மேல் வைத்துப் பார்க்கிறது. நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் பள்ளத்தாக்கில் கோல்டன் ஓக்ஸ் என்ற மாளிகை. நல்ல சாப்பாடு, பச்சைப் புல்வெளி, மருத்துவர்கள், உடற்பயிற்சி. அங்கே தங்கியிருக்கும் பெண்கள் பெரும் பணக்காரர்களின் கருவைச் சுமப்பவர்கள். அவர்களில் பெரும்பாலோர் புலம்பெயர்ந்து வந்த ஏழைகள். கையில் கட்டிய கருவி அவர்கள் நடையையும் துடிப்பையும் கணக்கெடுக்கிறது. வெளியே போக அனுமதி வேண்டும். பெருந்தொகை குழந்தை நலமாகப் பிறந்தால்தான். ஜேன் என்ற பிலிப்பைன்ஸ் பெண், பிறந்து சில மாதங்களே ஆன தன் மகளை உறவுக்காரியிடம் விட்டுவிட்டு இன்னொருத்தியின் பிள்ளைக்கு வயிறு கொடுக்க வருகிறாள். வெள்ளைத் தோலும் கல்லூரிப் படிப்பும் உள்ள சுமப்பவளுக்குக் கூடுதல் விலை. இத்தனைக்கும் நாவலில் சாட்டையோடு நிற்கும் கொடியவர் யாரும் இல்லை. நிறுவனத்தை நடத்தும் மே, தான் இந்தப் பெண்களுக்கு நல்லது செய்வதாகவே நம்புகிறாள். ஜேனும் கையெழுத்துப் போட்டுத்தான் வந்திருக்கிறாள். ஒவ்வொருவரும் தமக்கு நல்லதென்று தோன்றியதைத் தேர்ந்தெடுக்க, எல்லாத் தேர்வுகளும் சேர்ந்து ஒரு சிறையாகின்றன. நாவலின் அச்சம் இதில்தான் இருக்கிறது. மார்கரெட் அட்வுட் 1985-இல் எழுதிய ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ நாவலில் கருப்பையை அரசு பலவந்தமாகக் கைப்பற்றுகிறது; ராமோஸின் உலகில் பலவந்தத்துக்குத் தேவையே இருக்கவில்லை, கடன் போதுமானதாக இருக்கிறது.

கற்பனை எதிர்காலம் என்று வகைப்படுத்தப்படும் இந்த நாவலை இந்திய வாசகர் பழைய செய்தியாகவே படிக்க முடியும். 2002 முதல் இந்தியாவில் வணிக வாடகைத் தாய்மைக்குத் தடை இருக்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2005-இல் வகுத்த வழிகாட்டுதல்கள் கட்டாயச் சட்டம் அல்ல. குஜராத்தின் ஆனந்த் நகரம் இதன் தலைநகராயிற்று. சென்னையிலும் பெங்களூரிலும் தொழில் வளர்ந்தது. சுமக்கும் பெண்கள் மாதக்கணக்கில் விடுதிகளில் தங்கவைக்கப்பட்டதையும், வீட்டுக்குப் போகக் கட்டுப்பாடு இருந்ததையும் ஆய்வாளர் அமிர்தா பாண்டே ஆனந்தில் நேரில் இருந்து பதிவு செய்து 2014-இல் நூலாக்கினார். பெங்களூரில் தையல் ஆலைகளில் வேலை செய்த பெண்கள் இந்தத் தொழிலுக்கு வந்ததை ஷர்மிளா ருத்ரப்பா எழுதினார். ஆலையின் தூசியையும் வசவையும்விட இது மேல் என்று அவர்களில் சிலர் சொன்னதும் அதில் உண்டு. அந்த வாக்குமூலத்தை ஒதுக்கிவிட்டு அறம் பேச முடியாது.

ஆனந்த் என்ற பெயருக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. 1946-இல் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு தொடங்கப்பட்டு அமுல் வளர்ந்த ஊர் அது. கறந்தவளுக்கே பாலின் விலையில் பெரும்பங்கு போய்ச் சேர வேண்டும் என்பது அந்தக் கூட்டுறவின் அடிப்படை. அறுபது ஆண்டுக்குள் அதே ஊரில் சுமந்தவளுக்குச் சில லட்சம், மீதி இடையில் இருப்பவர்களுக்கு என்ற தொழில் எழுந்தது.

2008-இல் ஜப்பானியத் தம்பதிக்காக ஆனந்தில் பிறந்த மாஞ்சி என்ற குழந்தையின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. குழந்தை பிறக்கும் முன்பே தம்பதி மணவிலக்குப் பெற்றுவிட, ஒப்பந்தப்படி தாயாக இருந்திருக்க வேண்டியவள் விலகிக்கொண்டாள். முட்டை கொடுத்தவள் யாரென்று தெரியாது. சுமந்தவளுக்கு உரிமை இல்லை. மூன்று பெண்கள் சம்பந்தப்பட்டும் தாய் என்று எழுத ஒரு பெயர் இல்லாத பிள்ளை. மறு ஆண்டு சட்ட ஆணையம் தன் 228-ஆம் அறிக்கையில் இந்த உதவிக் கருத்தரிப்புத் தொழிலை 25,000 கோடி ரூபாய்த் தங்கப் பானை என்று குறித்தது. 2012-இல் அகமதாபாத்தில் எட்டு மாதக் கர்ப்பத்தோடு ஒரு வாடகைத் தாய் இறந்துபோனார், குழந்தை பிழைத்தது. 2015-இல் வெளிநாட்டவருக்கு இந்தக் கதவு மூடப்பட்டது.

தங்கப் பானை என்ற அந்த உவமையைத் தமிழ்ச் சமய மரபு படித்தால் உடனே நினைவுக்கு வருபவர் பட்டினத்தார். காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகரான திருவெண்காடருக்குப் பிள்ளை இல்லை. திருவிடைமருதூரில் சிவசருமர் என்ற ஏழை அந்தணர் வறுமையால் சோர்ந்திருக்கிறார். மருத மரத்தடியில் கிடைத்த குழந்தையை அவர் வணிகரிடம் கொடுக்கிறார். வணிகர் எடைக்கு எடை பொன் கொடுத்து வாங்குகிறார். பிள்ளையில்லாத செல்வம், வறுமை, பொன், குழந்தை: இன்றைய தொழிலின் நான்கு கால்களும் அந்தப் பழங்கதையில் அப்படியே நிற்கின்றன. கதை அதைக் குற்றம் என்று சொல்லவில்லை. பிள்ளை ஏக்கத்தின் வலியை அது மதிக்கிறது. ஆனால் வாங்கப்பட்ட பிள்ளை மருதவாணன், இறைவனே என்று தெரியவரும்போது அவன் காதறுந்த ஊசியும் ஓர் ஓலைத் துணுக்கும் விட்டுவிட்டுப் போய்விடுகிறான். எடை போட்டு வாங்கியது கையில் நிற்கவில்லை. அந்த அதிர்ச்சியில் திருவெண்காடர் எல்லாவற்றையும் துறந்து பட்டினத்தார் ஆகிறார்.

கதையின் மறுபாதிதான் இங்கே முக்கியமானது. எல்லாம் துறந்த அதே மனிதர், தாய் இறந்ததும் சுடலைக்கு வந்து சேர்கிறார். விறகை விலக்கி, பச்சை வாழை மட்டைகளை அடுக்கி, பாடியே தீ மூட்டினார் என்பது வழக்கு. அந்தப் பாடல்கள் தாயைப் புகழும்போது எண்ணிச் சொல்வது பத்து மாதச் சுமையையும் பெற்ற நோவையும் பாலூட்டியதையும். வித்து யாருடையது, குலம் எது என்பது அதில் இல்லை. பொன்னால் ஒரு பிள்ளையையே வாங்கியவருக்குப் பத்து மாதச் சுமையைத் திருப்பிக் கொடுக்கப் பொன் எதுவும் போதவில்லை. தாய் என்ற சொல்லைத் தமிழ்ச் சைவம் சுமத்தலிலிருந்து அளக்கிறது. அந்தச் சுமையால் வரும் கடனைத் துறவியாலும் துறக்க முடியாத கடன் என்கிறது. ஆதிசங்கரரைப் பற்றியும் இதே கதை உண்டு: துறவிக்கு விலக்கப்பட்ட ஈமக் கடனை, ஊர் எதிர்த்தபோதும் காலடியில் தன் தாய்க்குச் செய்தார் என்பார்கள்.

திருச்சுழிக்காரரின் வாழ்க்கையும் இதே வரிசையில் வருகிறது. 1896-இல் மதுரையில், பதினாறு வயதில், மரண பயம் வந்து படுத்த வேங்கடராமன் (ரமணரின் இயற்பெயர்) உடலைப் பிணம்போல் கிடத்தி, இது செத்தால் நான் சாகிறேனா என்று உள்ளே தேடினான். அந்த ஆகஸ்டு மாதமே வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்குப் போனான். 1901, 1902 ஆண்டுகளில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு எழுதிக் காட்டிய பதில்களே பின்னாளில் ‘நான் யார்?’ என்ற நூலாயின. அதன் தொடக்கமே உடலையும் புலன்களையும் ‘நான் அல்ல’ என்று ஒவ்வொன்றாக விலக்குவது.

இந்த உபதேசத்தை மேலோட்டமாகக் கேட்பவர் ஒரு தவறான முடிவுக்குப் போகக்கூடும். உடல் நான் அல்ல என்றால் அதை வாடகைக்கு விட்டால் என்ன, என்னுடையது அல்லாத ஒன்றுக்குத்தானே விலை பேசுகிறார்கள்? வயிறு வேறு, நான் வேறு என்று விடுதியில் பெண்களுக்குச் சொல்லித்தரும் ஆறுதலும் கிட்டத்தட்ட இந்த மொழியிலேயே இருக்கிறது: இது உன் பிள்ளை அல்ல, நீ கொஞ்ச நாள் இடம் கொடுக்கிறாய், அவ்வளவுதான். வேதாந்தத்தின் சொல்லாட்சி இங்கே தரகரின் வாய்க்கு வந்துவிடுகிறது. விசாரணையில் ‘உடல் நான் அல்ல’ என்று விலக்குவது ஒருவர் தனக்குத் தானே செய்துகொள்வது. பிறருடைய உடலைப் பார்த்து ‘அது நீ அல்ல’ என்று சொல்லும் உரிமை அதிலிருந்து யாருக்கும் கிடைப்பதில்லை. மேலும், உடல் ‘என்னுடையது’ என்ற எண்ணத்தையும் சேர்த்தே அந்த விசாரணை விலக்குகிறது. என்னுடையது அல்லாததை நான் எப்படி விற்க முடியும்? உடலை உடைமையாகப் பார்க்காத ஒரு தத்துவம் உடலைச் சரக்காக்குவதற்குத் துணை வராது.

ரமணர் தன் தாயின் உடலுக்குச் செய்தது இதைச் சொல்லைவிடத் தெளிவாகக் காட்டுகிறது. திருச்சுழியில் வக்கீல் தொழில் பார்த்த சுந்தரமய்யரின் மனைவி அழகம்மாள், கணவர் 1892-இல் இறந்த பின், மகனும் துறந்துபோன பின், பல ஆண்டுகள் கழித்து மலைக்கே வந்து மகனோடு தங்கினார். 1922 மே 19 அன்று அவர் உயிர் பிரிந்த நாளில், மகன் ஒரு கையை அவர் நெஞ்சிலும் மறு கையைத் தலையிலும் வைத்தபடி நாள் முழுதும் அருகிலேயே இருந்தார். உடலை எரிக்கவில்லை. ஞானியின் உடலைப் புதைத்து லிங்கம் நாட்டும் முறை பெண்ணுக்கும் பொருந்தும் என்று கொண்டு மலையடிவாரத்தில் சமாதி வைத்தார்கள். சில மாதங்களில் ரமணரும் மலையிலிருந்து இறங்கி அங்கேயே தங்கிவிட்டார். இன்றைய ரமணாசிரமம் ஒரு தாயின் சமாதியைச் சுற்றி வளர்ந்ததுதான். அதன் மேல் எழுந்த கோயிலுக்கு 1949-இல் குடமுழுக்கு நடந்தது. இறைவன் பெயர் மாத்ருபூதேஸ்வரர், தாயான ஈசன். திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில், பேறுகாலத்தில் தாய் வந்து சேர முடியாத பெண்ணுக்குத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்த தாயுமானவருக்கும் வடமொழியில் அதே பெயர். உடல் நான் அல்ல என்று சொன்னவர், தன்னைச் சுமந்த உடலைத் திருமேனியாகவே வைத்தார்.

வித்தும் வயிறும் வேறு வேறாகும் கதைகள் புராணத்தில் இல்லாமலில்லை. வாடகைத் தாய்மைக்கு ஆதரவாகப் பேசுவோர் அடிக்கடி எடுப்பது பலராமன் கதை: தேவகியின் கருவை யோகமாயை ரோகிணியின் வயிற்றுக்கு மாற்றினாள். ஆனால் அந்தப் பிள்ளை சுமந்தவளிடமே, ரோகிணியின் மகனாகவே வளர்ந்தான் என்பதை அவர்கள் சொல்ல மறந்துவிடுகிறார்கள். முருகன் கதை இன்னும் விரிவானது. சிவனின் நெற்றிக்கண் பொறிகளை நெருப்பும் காற்றும் ஏந்தி, கங்கை தாங்கி, சரவணப் பொய்கையில் விட, கார்த்திகைப் பெண்கள் அறுவர் பாலூட்ட, கடைசியில் உமை ஆறு பிள்ளைகளையும் ஒன்றாகச் சேர்த்து அணைத்தாள். யார் தாய் என்ற வழக்கை அந்தக் கதை ஒருத்திக்குச் சாதகமாகத் தீர்க்கவில்லை. தாங்கிய ஒவ்வொருவரும் பிள்ளையின் பெயரில் இருக்கிறார்கள்: கங்கையால் காங்கேயன், பொய்கையால் சரவணபவன், பால் கொடுத்தவர்களால் கார்த்திகேயன். கார்த்திகைப் பெண்கள் விண்மீன்களாக்கப்பட்டார்கள். அவர்கள் நாளில் விரதமும் இருக்கிறது. இவ்வளவு தெய்வீகமான மாற்றுக் கருவில்கூடச் சுமந்தவளின் பெயரை அழிக்க மரபுக்கு மனம் வரவில்லை. இன்றைய ஒப்பந்தமோ அந்தப் பெயரை அழிப்பதற்காகவே எழுதப்படுகிறது.

மேற்காசிய மரபுகளிலும் இதன் எதிரொலி உண்டு. சாராளுக்குப் பிள்ளையில்லாதபோது ஆபிரகாமின் பிள்ளையைச் சுமந்தவள் அடிமைப் பெண் ஆகார். பின்பு பாலைக்குத் துரத்தப்பட்டாள். அட்வுட் தன் நாவலுக்கு எடுத்துக்கொண்டதும் இதே வகைக் கதைதான், யாக்கோபின் மனைவி ராகேலும் அவளுடைய பணிப்பெண்ணும். இஸ்லாம் அந்த ஆகாரை, ஹாஜரை, மறக்கவிடவில்லை. ஹஜ் செல்லும் செல்வந்தரும் ஸஃபா, மர்வா குன்றுகளுக்கிடையே, பிள்ளைக்குத் தண்ணீர் தேடி அவள் ஓடிய ஓட்டத்தையே ஏழு முறை நடந்து காட்ட வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபை 1987-இலும் 2024-இலும் வெளியிட்ட ஆவணங்களில் வாடகைத் தாய்மையை மறுத்திருக்கிறது.

தரும சாத்திரத்தின் வழி வேறு. மனுநூலின் ஒன்பதாம் அத்தியாயம் வித்து பெரிதா நிலம் பெரிதா என்று வாதிடுகிறது. பொதுவாக விளைச்சல் நிலத்துக்காரனுக்கே என்று சொல்லும் அது, இருவரும் பேசி விதைத்தால் வித்துக்காரனுக்கும் நிலத்துக்காரனுக்கும் பங்கு என்கிறது. வாரத்துக்கு நெருங்கிய தீர்ப்பு. ஆனால் அந்த வாதத்தில் பெண் நிலம் மட்டுமே. நிலத்துக்காரன் அவள் கணவன். பேசி முடிவு செய்யும் இருவரில் அவள் இல்லை. வணிக ஒப்பந்தம் அவளைப் பேச்சுக்கு அழைத்து நிலத்துக்காரியாக்கியது உண்மை. அது முன்னேற்றம் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அவள் நிலம் என்ற உவமையை அது மாற்றவில்லை. விளைச்சலில் இருந்த பங்கையும் எடுத்துவிட்டது.

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் இருக்கிறது. கரிமூட்டத்தில் புகை குடித்து நுரையீரல் கெடுவதும் உடலை விற்பதுதான். பஞ்சுத் தூசியில் நிற்பதும் அப்படித்தான். அதையெல்லாம் உழைப்பு என்று ஏற்கும் சமூகம், பெரிய தொகை கிடைக்கும் ஒரே வேலை வரும்போது மட்டும் தாய்மையின் புனிதம் பேசித் தடுப்பது ஏழைப் பெண்ணுக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம் இல்லையா? தடைபோட்டவர்கள் அவளை மூட்டத்துக்கே திருப்பி அனுப்புகிறார்கள் என்றால், புனிதம் யாருக்கு உதவியது?

இந்தக் கேள்விக்குப் புனிதத்தால் பதில் சொல்ல முடியாது. பதில் சுமையின் இயல்பில் இருக்கிறது. மூட்டக் கூலிக்காரி மாலையில் கூடையை இறக்கி வைக்கலாம். கர்ப்பத்தை இரவில் இறக்கி வைக்க இடமில்லை; தூங்கும்போதும் வேலை நடக்கிறது; சாப்பாடு, உறக்கம், கணவனோடு உறவு, அழுகை எல்லாம் ஒப்பந்தத்துக்குள் வந்துவிடுகின்றன. அதோடு அந்த வேலை முடிந்த பின்னும் முடிவதில்லை. கருவின் உயிரணுக்கள் நஞ்சுக்கொடி வழியாகச் சுமப்பவளின் ரத்தத்துக்கு வந்து தங்கிவிடுவதை மருத்துவம் கண்டிருக்கிறது. மகன் பிறந்து 27 ஆண்டுக்குப் பிறகும் தாயின் ரத்தத்தில் ஆண் அணுக்கள் இருந்ததை 1996-இல் வெளியான ஆய்வு காட்டியது. வித்து அவளுடையதா இல்லையா என்று இந்த அணுக்கள் பார்த்து வருவதில்லை. பட்டினத்தார் தீராக் கடன் என்று கண்டதற்கு உடலுக்குள்ளேயே ஒரு பேரேடு இருக்கிறது.

சம்மதம் பற்றிய வாதமும் அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசலில் நின்று பார்த்தால் வேறாகத் தெரியும். கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்கும்போது போடும் கையெழுத்தும் கையெழுத்துதான். 1980-களில் சென்னை வில்லிவாக்கத்தில் சிறுநீரகம் விற்றவர்களும் சம்மதித்தே விற்றார்கள். ஊருக்கே ‘கிட்னிவாக்கம்’ என்று பட்டப்பெயர் விழுந்தது. 1994-இல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்த பிறகும் அந்த வணிகம் நின்றபாடில்லை. 2022-இல் ஈரோட்டில் ஒரு சிறுமியின் கருமுட்டைகள் பலமுறை எடுத்து விற்கப்பட்டது வெளியே வந்தது. வயதைக் கூட்டிக் காட்டப் போலி ஆதார், கையெழுத்துப் போட வீட்டுப் பெரியவர்களே. தாளில் சம்மதம் இருந்தது. பணக்கார வீட்டுப் பெண் யாரும் ஏழைத் தம்பதிக்காகக் கருச் சுமந்தாள் என்ற செய்தி காதில் விழுவதில்லை. ஒரு சுமை எப்போதும் ஒரே திசையில் இறங்குமானால், அங்கே தேர்வைவிடச் சரிவுக்கே அதிக வேலை இருக்கிறது.

2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி 2022 ஜனவரி 25 முதல் நடைமுறைக்கு வந்த வாடகைத் தாய் ஒழுங்குமுறைச் சட்டம் வணிகத்தைத் தடை செய்தது. மீறினால் பத்தாண்டு வரை சிறை, பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம். சுமப்பவள் 25 முதல் 35 வயதுக்குள், மணமாகித் தன் பிள்ளை ஒன்றாவது உள்ளவளாக இருக்க வேண்டும்; வாழ்நாளில் ஒரே முறை; தன் கருமுட்டையைக் கொடுக்கக் கூடாது; மருத்துவச் செலவும் 36 மாதக் காப்பீடும் தவிர எதுவும் பெறக் கூடாது. கருவைக் கலைக்கும்படி அவளைக் கட்டாயப்படுத்த முடியாது என்பது இதில் நல்ல பகுதி. நெருங்கிய உறவினர் மட்டுமே சுமக்கலாம் என்று முந்தைய மசோதாக்களில் இருந்ததை, மாநிலங்களவைத் தெரிவுக் குழுவின் பரிந்துரைப்படி ‘விருப்பமுள்ள பெண்’ என்று மாற்றினார்கள். 2017-இலேயே நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று, ஊதியமின்றிச் சுமக்கச் சொல்வதும் சுரண்டலே, நியாயமான இழப்பீடு வேண்டும் என்று சொல்லியிருந்தது, அது ஏற்கப்படவில்லை.

இச்சட்டம் கடனைப் பணமாக்குவதைத் தடுத்தது. கடன் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளவில்லை. தியாகம் என்று பெயர் சூட்டப்பட்ட சுமையைக் குடும்பங்களுக்குள் யார் தூக்குவார்கள் என்பது இந்த நாட்டுப் பெண்களுக்குத் தெரிந்ததே: சொத்தில்லாத கொழுந்தியாள், கணவனை இழந்து அண்ணன் வீட்டில் இருப்பவள், வாங்கிய கடனுக்கு வாய் திறக்க முடியாத ஒன்றுவிட்ட தங்கை. விலை போனதும் பேரம் பேசும் வாயும் போனது.

தமிழ்க் கிராமங்களில் பிள்ளைகள் தங்காத வீட்டில் புதிதாகப் பிறந்ததைத் தவிட்டுக்கு விற்று வாங்கும் வழக்கம் இருந்தது. உறவுக்காரி ஒருத்தி ஒரு படி தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை ‘வாங்கி’ மறுபடி தாயிடமே கொடுப்பாள். குழந்தைக்குத் தவிட்டை விலையாக வைத்ததன் பொருள், அதற்கு விலையே இல்லை என்பது. அந்தப் பிள்ளை வளர்ந்த பிறகும் தவிடு கொடுத்தவளை ஒரு தாயாகவே எண்ணும். பொன்னெடைக்கு வாங்கிய பட்டினத்தார் கதைக்கு நேர் மறுமுனை இது. விலையைப் பெயரளவுக்குச் சுருக்கி, உறவைப் பெருக்கிய விற்பனை.

சட்டத்தின்படி, கருவை வைப்பதற்கு முன்பே முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் நீதிமன்றம் பிள்ளை யாருடையது என்று உத்தரவிட்டுவிடுகிறது. பிறந்த பின் அதுவே பிறப்புக்கான ஆவணம். பதிவேட்டில் தாய் என்ற இடத்தில் பெற விரும்பியவளின் பெயர். சுமந்தவளுக்கென்று அதில் ஒரு கட்டம் இல்லை. பெற்ற மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அவளுக்குப் பால் கட்டி நெஞ்சு வலிக்கும். பிள்ளையை இழந்த பெண்களுக்குப் பால் வற்ற மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டுவது தமிழ்நாட்டில் நெடுநாள் கைமருந்து. மாத்திரைக்கு ஒப்பாக அது வேலை செய்வதை 1988-இல் வெளியான மருத்துவ ஆய்வு ஒன்றும் சொல்லியிருக்கிறது. அருப்புக்கோட்டை என்ற பெயரையே மல்லிகை அரும்போடு சேர்த்து விளக்குவார்கள். இந்த வட்டாரத்தில் பிள்ளையை இழந்தவளுக்குப் பூக்கட்டி விடும் வேலை எப்போதும் இன்னொரு பெண்ணுடையது. சின்னம்மாவோ பக்கத்து வீட்டு மதினியோ ஒரு துணியில் பூவைப் பரப்பி, வலிக்காமல் இறுக்கிக் கட்டி, மறுநாள் வாடியதை எடுத்துவிட்டுப் புதிதாக வைப்பார்கள்.